நத்தையை வேட்டையாடும் ஈ

‘ஈ’ என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நாம் முகம் சுளிக்கிறோம். உண்ணும் இலையில் வந்து அமர்வதும், புண்ணில் மொய்ப்பதும், குப்பையிலிருந்து கிளம்பி நேரே அடுக்களைக்குள் புகுவதுமாகிய வீட்டு ஈயே நம் நினைவில் நிற்கிறது. ஓரெழுத்து ஒருமொழியாகிய இச்சொல்லுக்குக் ‘கொடு’ என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஆயினும், ஈ நமக்குக் கொடுப்பது நோயைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர்.

வீட்டு ஈயைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தும். ஆனால், ஈ என்பது ஒரே ஓர் உயிரின் பெயரன்று. பெரியதொரு குலத்தின் பெயர். கொசுவையும் உள்ளிட்டு, இரண்டே சிறகுகளையுடைய பூச்சிகளில் ஏறத்தாழ 1,50,000 வகைகளை அறிஞர்கள் பிரித்தறிந்து பெயரிட்டுள்ளனர். அவற்றுள் பூக்களை நாடித் திரிவன உண்டு. செடிப்பேனைத் தின்று பயிரைக் காப்பன உண்டு. மனிதர் வாழும் வீட்டு வாயிலை ஒருமுறையும் மிதியாதன மிகப் பல. சேற்றோரத்தில் வாழும் ஒரு வகை ஈ இத்தகையது. அதன் புழுவுக்கு நத்தையே உணவு. அவ்வீயைப் பற்றியும், உழவர்க்கு அஃது ஆற்றும் உதவியைப் பற்றியும் காண்போம்.

நத்தையைக் கொல்வது உழவர்க்கு எங்ஙனம் உதவியாகும்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், முதற்கண் நத்தை வாழும் நீர்நிலைக்குச் செல்லவேண்டும். நெய்வேலியை எடுத்துக்கொள்வோம்.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் பெயர்பெற்ற ஊர். 1930ஆம் ஆண்டுகளின் இடையில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிடுவித்தபோது, நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிகளின் பயனாக 1956ஆம் ஆண்டு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அதுவே இன்று என்.எல்.சி. இந்தியா என்னும் பெயரோடு விளங்குகிறது. 1957ஆம் ஆண்டு பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961ஆம் ஆண்டு நிலக்கரிப் படிவம் வெளிச்சத்தைக் கண்டது. இவ்வரலாற்றைப் பலரும் அறிவர். ஆனால், நிலக்கரிக்கு அடியில் இருந்த நீரைப்பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நெய்வேலி நிலக்கரிப் படிவத்தின்கீழ் மணற்பாங்கான அடுக்குகள் உள்ளன. அவற்றில் பெருநீர் தேங்கி, மேல்நோக்கிப் பேரழுத்தத்துடன் முட்டிக்கொண்டிருக்கிறது. மேலுள்ள மண்ணை அகற்றிய பின்னர் அந்நீரை அப்படியே விட்டுவிட்டால், அது நிலக்கரியைப் பிளந்துகொண்டு சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆதலின், சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் ஓயாமல் நீரை இறைக்கின்றனர். ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்கு, அதனினும் பன்மடங்கு எடையுள்ள நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இவ்வாறு வெளியேறும் நீர் வாய்க்கால்களின் வழியே சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்கிறது. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி முதலிய நீர்நிலைகளையும் அடைகிறது. கரிக்காகத் தோண்டிய குழி கழனிக்கும் நீர் ஊட்டுகிறது என்பது வியப்பன்றோ!

மழையை நம்பியிருக்கும் ஏரி கோடையில் வற்றும். அப்பொழுது நீர்நத்தைகளில் பெரும்பகுதி மடியும். எஞ்சியவை சேற்றில் புதைந்து அடுத்த மழையை எதிர்நோக்கிக் கிடக்கும். ஆண்டு முழுவதும் நீரோடும் வாய்க்காலில் நத்தைகளுக்கு இத்தகைய துன்பம் இல்லை. அவை இடையறாது முட்டையிட்டுப் பெருகலாம். எகிப்து நாட்டில் நைல் ஆற்று நீரை ஆண்டு முழுவதும் பாய்ச்சத் தொடங்கிய பகுதிகளில், நத்தையால் பரவும் நோய் மக்களிடையே மிகுந்ததை மருத்துவர்கள் கண்டனர். வற்றாத நீர் உழவர்க்கு வரம். அவ்வரத்தில் நத்தைக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் நாட்டு ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் இருவகைச் சிறு நத்தைகளை எளிதாகக் காணலாம். ஒன்றன் ஓடு மெல்லியது; ஒருபுறம் கூர்மையாக முடிவது. இதனை லிம்னியா என்பர். மற்றொன்றன் ஓடு ஆட்டுக்கிடாயின் கொம்பைப்போல் ஒரே தளத்தில் சுருண்டிருக்கும். இதற்கு இண்டோபிளானார்பிஸ் என்று பெயர். பெயர் நீளமாயினும் நத்தை சிறிதே. பெரும்பாலும் ஒரு காசின் அகலத்தை மிஞ்சாது. இவ்விரண்டும் மீனைப்போல் செவுளால் மூச்சுவிடுவன அல்ல. நம்மைப்போலவே காற்றை உட்கொள்வன. ஆகவே, அவ்வப்போது அவை நீரின் மேற்பரப்புக்கு வந்தே தீரவேண்டும். இச்செய்தியை மனத்தில் இருத்துக. பின்னர் இது பயன்படும்.

இந்நத்தைகள் தாமாக ஒருவருக்கும் தீங்கு செய்வதில்லை. பாசியையும் அழுகிய இலையையும் தின்று வாழும் எளிய உயிர்கள் அவை. ஆனால், கால்நடைகளைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் சில, தம் இளமைப் பருவத்தை நத்தையின் உடலிலன்றி வேறெங்கும் கழிக்க இயலாதவை. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் ஈரலில் வாழும் ஈரற்புழு அவற்றுள் ஒன்று. இலை வடிவான இப்புழுவின் முட்டைகள் சாணத்தோடு நீரில் விழுகின்றன. முட்டையிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுயிர் வெளிவந்து நீந்துகிறது. ஏறத்தாழ ஒரு நாளைக்குள் அது தனக்கேற்ற நத்தையைக் கண்டு உட்புகவேண்டும், இல்லையேல் இறக்கும். உட்புகுந்துவிட்டாலோ, ஒன்று நூறாகவும் அதற்கு மேலாகவும் பெருகுகிறது. அவ்வாறு பெருகியவை வாலுடைய சிறு உருவங்களாக நத்தையைவிட்டு வெளியேறி, நீரோரப் புல்லில் ஒட்டி உறைபோர்த்துக்கொள்கின்றன. அப்புல்லை மேயும் மாட்டின் வயிற்றில் உறை கரைய, புழு ஈரலை நோக்கிச் செல்கிறது. தாடையின்கீழ் வீக்கமும், நாளுக்கு நாள் மெலிவும் அதன் அடையாளங்கள். ஐரோப்பிய ஈரற்புழுவின் இச்சுற்று வழியை 1880ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில் லாய்க்கார்ட்டும், இங்கிலாந்தில் தாமசும், ஒருவரைச் சாராது ஒருவர் கண்டுபிடித்தனர்.

மற்றொரு நோய் நமக்கு இன்னும் அண்மையது. உழவுமாடு சில வேளைகளில் மூக்கடைத்து, உறங்குவோர் குறட்டைவிடுவதுபோல் ஒலியெழுப்பி மூச்சு வாங்கும். மூக்கினுள் பூக்கோசு போன்ற தடிப்புகள் வளர்ந்திருக்கும். மூச்சுக்குத் திணறும் மாடு ஏர் இழுப்பது எங்ஙனம்? ஒரு சோடி எருதே முழு முதலாகிய குடியானவர்க்கு இது பேரிழப்பு. சென்னை மாகாணத்தில் இந்நோயை ஆராய்ந்த கால்நடை அறிஞர் எம். ஆனந்த நாராயண ராவ், மூக்கின் குருதிக் குழாய்களில் வாழும் ஒரு வகைக் குருதிப்புழுவே இதற்குக் காரணம் என்று விளக்கி, அப்புழுவின் வடிவத்தை 1933ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்றும் உலக நூல்களில் அப்புழுவின் பெயரோடு அவர் பெயரும் சேர்த்தே எழுதப்படுகிறது. அதன் முட்டை, நம் முன்னோர் கையாண்ட வளரியைப்போல் வளைந்திருக்கும். மாட்டின் மூக்கிலிருந்து ஒழுகும் சளியோடு அது நீரில் கலக்கிறது. கிடாக்கொம்பு போன்ற ஓட்டையுடைய நத்தையே அப்புழு வளரும் வீடு. நத்தையை விட்டு வெளியேறும் இளம்புழு, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்துக்கொண்டு உட்செல்கிறது. இவ்வினத்தைச் சேர்ந்த இளம்புழுக்கள் வழி தவறி மனிதர் தோலிலும் துளையிடுவது உண்டு. மனித உடலில் அவை வளர்வதில்லையாயினும், சேற்றில் நின்று நாற்று நடுவோரின் காலில் தினவும் தடிப்பும் உண்டாக்குகின்றன.

ஆப்பிரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் இக்குலத்துப் புழுக்கள் மனிதரையே பற்றிக் கொடிய நோயைத் தருகின்றன. 20 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அந்நோய்க்கான மருந்து தேவைப்படுகிறது. இந்தியாவில் அஃது ஏறத்தாழ இல்லை எனலாம். 1952ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் இரத்தினகிரிப் பகுதியிலுள்ள கிம்வி என்னும் சிற்றூரில் அது தோன்றியதாக அறிவிக்கப்பட்டது. அங்கும் அது பரவாமல் ஒடுங்கியது. நம் கவலை பெரும்பாலும் மாட்டைப் பற்றியதே.

இப்பொழுது ஈயைப் பார்ப்போம். தென்னாசியாவிலும் அதற்குக் கிழக்கிலும் பரவியுள்ள செபிடான் என்னும் குடும்பப்பிரிவைச் சேர்ந்தது இது. அப்பிரிவில் பல வகைகள் உள. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஒரு வகைக்குச் செபிடான் பிளம்பெல்லா என்று பெயர். 1830ஆம் ஆண்டு வீடமான் என்னும் ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயர் அது. இலத்தீன் மொழியில் ‘பிளம்பம்’ என்றால் ஈயம். உடலில் ஈயத்தின் கருநீலச் சாயல் படிந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. தமிழில் ‘ஈய நிற ஈ’ என்றால் பெயரும் பொருந்தும், ஓசையும் இனிக்கும்.

இவ்வீ ஏறத்தாழ ஒரு நெல்மணியின் நீளமே இருக்கும். வீட்டு ஈயைப்போல் பருத்த உடல் இதற்கு இல்லை. ஒடுங்கிய, ஒல்லியான உடல். தலையின் முன்புறத்தில் இரண்டு உணர்கொம்புகள் ஈட்டிபோல் நேரே நீண்டிருக்கும். பின்னங்கால் நீளமானது, அதன் தொடை தடித்து, அடியில் சிறு முட்களைக் கொண்டிருக்கும். இதனை மற்ற ஈக்களினின்றும் பிரித்தறிய வேறோர் எளிய அடையாளமும் உண்டு. கோரையின் தண்டிலோ நெற்பயிரின் தாளிலோ இது தலைகீழாக, நீரை நோக்கியவாறு அமர்ந்திருக்கும். தவம் செய்வதுபோல் நெடுநேரம் அசையாதிருக்கும். அச்சுறுத்தினால் சற்றே பறந்து அடுத்த தண்டில் மீண்டும் தலைகீழாக அமரும். நெடுந்தொலைவு பறக்கும் வழக்கம் இதற்கு இல்லை. நம் வீட்டையும் உணவையும் இது நாடுவதில்லை.

பெண் ஈ, நீருக்குச் சற்று மேலேயுள்ள தண்டிலும் இலையிலும், முட்டைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசைப்படுத்தி ஒட்டுகிறது. சில நாட்களில் முட்டை பொரிந்து, புழு கீழே நீரில் இறங்குகிறது. இங்கேதான் வேட்டை தொடங்குகிறது.

புழு என்றவுடன், கண்ணும் காலும் இல்லாத ஒரு மெல்லுடல் நத்தையை என்ன செய்துவிடும் என்று நாம் ஐயுறலாம். நத்தைக்கோ உறுதியான ஓடு இருக்கிறது. தொட்டால் உள்ளே சுருங்கிக்கொள்ளும். ஆனால், அப்புழுவின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஐயம் நீங்கும். அதன் வாலின் முனையில் இரண்டு மூச்சுத்துளைகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து, நீர் ஒட்டாத மயிர்கள் பூவிதழ்போல் விரிந்திருக்கின்றன. நீர்ப்பரப்பில் அவ்விதழை விரித்து, வாலால் தொங்கி, தலையை நீருக்குள் விட்டுக்கொண்டு அது மிதக்கிறது. உடல் கனத்து மூழ்க நேர்ந்தால் ஒரு காற்றுக் குமிழை விழுங்கிக்கொள்கிறது. உடனே மேலே மிதந்து வருகிறது. வாயில் வளைந்த கொக்கிகள் இரண்டு. அவற்றின்கீழ் அரம்போல் பல்லுடைய ஒரு சிறு தகடு. இத்தகட்டு அமைப்பு நத்தை கொல்லும் ஈக்குலத்தின் புழுக்களுக்கே உரியது. வாலும் வாயும் இவ்வாறு அமைந்த உயிர் நீர்ப்பரப்பில் பதுங்கியிருக்க, காற்றை நாடி நத்தை மேலே வருகிறது. மூச்சுவிட மேலே வந்தே தீரவேண்டும் என்று முன்னர்க் கூறினோமன்றோ! அவ்வொரு தேவையே நத்தைக்குப் பகையாகிறது.

நத்தையின் தசை தட்டுப்பட்டவுடன் புழு கொக்கிகளை ஊன்றுகிறது. நத்தை வாளாவிருப்பதில்லை. ஓட்டுக்குள் சுருங்குகிறது, வழவழப்பான நுரையை உமிழ்கிறது, உள்ளிருந்த காற்றை விட்டுவிட்டு அடிக்கு மூழ்குகிறது. பல வேளைகளில் இவ்வாறு அது தப்பிவிடுவதும் உண்டு. தப்பாதபோது, பற்றிய பிடியை விடாத புழு நத்தையோடு நீருக்குள் இழுக்கப்படுகிறது. விழுங்கிய காற்றின் துணையால் இரையோடு மீண்டும் மேலே வர முயல்கிறது. போராட்டம் முடிந்து நத்தை இறந்தபின் தலையை ஓட்டுக்குள் நுழைத்து உண்ணத் தொடங்குகிறது. பிறந்த அன்றே பெரிய நத்தையை எதிர்க்கும் வலிமை அதற்கு இல்லை. ஆதலால், இளம்புழுக்கள் சில கூடி ஒரு சிறு நத்தையைப் பகிர்ந்துண்பதும் உண்டு. இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் பருவத்தை அடைந்த புழு தனித்தே வேட்டையாடும். ஒரு நத்தையை முழுவதும் தின்று தீர்க்கும் பொறுமை அப்போது அதற்கு இல்லை. பாதி உண்டு, எஞ்சியதை விட்டுவிட்டு அடுத்ததைக் கொல்லும். ஒரே புழு வளர்ந்து முடிவதற்குள் பத்துக்கு மேற்பட்ட நத்தைகளைக் கொல்லக்கூடும். அதன் ஊதாரித்தனம் உழவர்க்கு ஊதியமாகிறது.

ஈக்களின் இச்செயல் உலகுக்கு விளங்கியது அண்மையில்தான். இக்குலத்து ஈக்களைப் பூச்சியறிஞர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். ஊசியில் குத்திப் பெட்டிகளில் வைத்திருந்தனர். அவற்றின் புழு எதனை உண்கிறது என்பதைப் பற்றிச் சிதறிய குறிப்புகள் சிலவே இருந்தன. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளிஃபோர்டு பெர்கு என்பார், அலாஸ்காவின் குளிர்ந்த சதுப்புகளில் இப்புழுக்கள் நத்தைகளைத் தாக்குவதைக் கண்டு, 1953ஆம் ஆண்டு அதுபற்றி எழுதினார். அதன்பின் அவரும் அவருடைய மாணவர்களும் நாடு நாடாகச் சென்று ஈக்களைப் பிடித்து, நத்தையை உணவாக இட்டு வளர்த்து, ஒவ்வொன்றன் வாழ்க்கையையும் எழுதிவைத்தனர். இம்மாணவர்களுள் ஒருவரான லாயிடு நட்சன், பிரெஞ்சு அறிஞர் வாலா என்பாரோடு சேர்ந்து எழுதிய பெருநூல் 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. தாய்லாந்தில் நம் ஈய நிற ஈயையே வளர்த்து ஆராய்ந்த கட்டுரை 1973ஆம் ஆண்டு வெளியாயிற்று.

ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கொண்ட இக்குலத்தில் எல்லாமே நீர்நத்தையை உண்பன அல்ல என்பதும் அப்போது தெரிந்தது. நிலத்து நத்தையை உண்பன உண்டு. ஓடில்லா நத்தையை உண்பன உண்டு. நத்தையின் முட்டையை மட்டும் உண்பனவும், சிறு சிப்பியை உண்பனவும் உண்டு. ஒரு வகைப் புழு, தான் உண்டு முடித்த நத்தையின் ஓட்டையே வீடாக்கிக்கொண்டு, அதன் வாயிலைச் சுண்ணாம்புத் தகட்டால் அடைத்து உள்ளே உறங்குகிறது. கொன்றவன் வீட்டிலேயே குடியேறிக் கதவையும் சாத்திக்கொள்வது போன்றது இது!

நத்தையைக் கொல்லும் ஈ இருக்கிறது என்று தெரிந்தால், அதனை வளர்த்துவிட்டு நோயை ஒழிக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஹவாய்த் தீவுகளில் அதனைச் செய்தும் பார்த்தனர். அங்குள்ள மாடுகளை ஈரற்புழு வாட்டியது. 1958ஆம் ஆண்டையொட்டி நடு அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டிலிருந்து செபிடான் வகை ஈ ஒன்றைக் கொண்டுவந்து சதுப்புகளில் விட்டனர். ஈ அங்கே நிலைபெற்றது. ஆயினும் நத்தை அடியோடு ஒழிந்துவிடவில்லை. இரை குறைந்தால் வேட்டையாடியும் குறையும். இரை மிகுந்தால் அதுவும் மிகும். எந்த இயற்கைப் பகையும் தன் இரையைக் கடைசி ஒன்றுவரை தேடித் தின்பதில்லை. குறைத்துவைப்பதே அதன் தொழில்.

அதே ஹவாயில் 1955ஆம் ஆண்டு வேறொரு முயற்சியும் நடந்தது. தோட்டங்களை அழித்துவந்த ஆப்பிரிக்கப் பெருநத்தையைத் தின்னும் என்று கருதி, ஃபுளோரிடாவிலிருந்து நத்தையுண்ணும் நத்தை ஒன்றை வருவித்தனர். அது பெருநத்தையை ஒழிக்கவில்லை. அத்தீவுகளுக்கே உரிய அழகிய மரநத்தைகளைத் தேடித் தின்றது. பசிபிக் கடலிலுள்ள மூரேயா என்னும் தீவிலும் 1977ஆம் ஆண்டு அதனை விட்டனர். பத்தே ஆண்டுகளில் அங்கிருந்த மரநத்தை இனங்கள் காட்டில் ஒன்றுகூட எஞ்சாமல் மறைந்தன. பகைவனுக்குப் பகைவனை அயலூரிலிருந்து அழைத்து வருவது இத்துணை இடர் மிகுந்தது. நமக்கோ அத்தொல்லை இல்லை. ஈய நிற ஈ இந்நாட்டுக்கே உரியது; விருந்தாளியன்று. இருப்பதை அழியாமல் காத்தாலே போதும்.

அழிப்பது எளிது, அறியாமலே அழித்துவிடுகிறோம். வாய்க்காலில் நத்தை மிகுந்தால் மயில்துத்தம் கரைத்து ஊற்றும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அது நத்தையைக் கொல்லும், மீனையும் கொல்லும். சேற்றில் புதைந்த நத்தைகள் தப்பிப் பிழைத்து, தம்மை உண்போர் எவரும் இல்லாத நீரில் மீண்டும் பெருகும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து நத்தையைப் பெரிதும் தீண்டுவதில்லை. தாளில் தலைகீழாக அமர்ந்திருக்கும் ஈயைத்தான் வீழ்த்துகிறது. வாய்க்கால் கரையைச் செதுக்கி, கோரையும் புல்லும் ஒன்றில்லாமல் தூய்மையாக்கிவிட்டால், ஈ முட்டையிட இடம் இல்லாது போகிறது. நீர் தடையின்றி ஓட வாய்க்காலின் நடுவைத் தூர்வார வேண்டியதுதான். ஆனால், நீரோட்டம் குறைந்த ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் புல் நிற்பதால் பாசனம் கெட்டுவிடாது.

ஈயின் ஆற்றலை மிகைப்படுத்திக் கூறுவதும் தகாது. விரைந்தோடும் நீரில் மிதக்கும் புழுவால் நிலைத்திருக்க முடியாது, அடித்துச் செல்லப்படும். வயல்களில் கிடைக்கும் பெரிய உருண்டை நத்தையின் வாயிலில் ஒரு மூடி உண்டு. ஆபத்து வந்தால் அது கதவடைத்துக்கொள்ளும். செவுளும் அதற்கு இருப்பதால் லிம்னியாவைப்போல் அடிக்கடி மேலே வரவேண்டிய கட்டாயமும் இல்லை. அதனிடம் செபிடான் புழுவின் வேட்டை பெரும்பாலும் செல்லாது. அதற்கு நத்தைக்குத்தி நாரையே தக்க பகை. அந்நாரையின் அலகு, இரு பாதிகளும் நடுவில் பொருந்தாது இடைவெளி விட்டு வளைந்திருப்பதை ஏரியோரத்தில் வாழ்வோர் பார்த்திருப்பர். அறுவடைக்குப்பின் கழனிகளில் வாத்துக் கூட்டத்தை மேய்ப்போரும், அறிந்தோ அறியாமலோ, சிறு நத்தைகளைக் குறைப்பதில் பங்கு கொள்கின்றனர். நாரை, வாத்து, ஈ ஆகிய மூன்றும் மூன்று வகை நத்தைகளையோ, ஒரே நத்தையின் மூன்று பருவங்களையோ தாக்குகின்றன. இவற்றோடு, நோயுற்ற மாட்டுக்குக் கால்நடை மருத்துவரிடம் உரிய மருந்து பெறுவதும், நத்தை மிகுந்த குட்டையில் மாட்டை இறக்காமல் இறைத்த நீரைக் காட்டுவதும் தேவை. ஈ இருக்கிறது என்று மருந்தை விட்டுவிடுவது பேதைமை.

ஈக்கும் பகை உண்டு. டிரைக்கோகிரம்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் பற்றி உழவர்கள் கேள்விப்பட்டிருப்பர். கரும்பிலும் நெல்லிலும் தண்டைத் துளைக்கும் புழுவின் முட்டையை அழிப்பதற்காக, அட்டையில் ஒட்டி வயலில் கட்டுவது அதுவே. அமெரிக்கச் செபிடான் ஒன்றன் முட்டைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள்ளும் இக்குளவி வளர்வது தெரியவந்தது. பயிருக்கு நண்பனாகிய குளவி, மாட்டுக்கு நண்பனாகிய ஈயை உண்கிறது! இதனை நட்பு என்பதா, பகை என்பதா? ஆனால், தண்டுத் துளைப்பான் இல்லாத காலத்திலும் அக்குளவி உயிர் பிழைத்திருக்க ஈயின் முட்டை உதவக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெய்வேலிப் பகுதியில் வாழும் மாணவர் இவ்வீயைத் தேட விரும்பினால், வேகமாக ஓடும் வாய்க்காலில் தேடவேண்டா. வாய்க்கால் வயலில் பிரியும் இடத்திலும், ஏரியின் நீர் புல்லோடு கலந்து மெல்ல ஆழங்குறையும் ஓரத்திலும் காலை வெயில் ஏறுமுன் தேடுக. பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்க. வெறுங்காலோடு நீரில் இறங்கவேண்டா என்பதற்குக் காரணம் மேலே கூறியதே. கரையில் நின்றவாறே கோரைத் தண்டுகளைப் பார்க்க வேண்டும். தலைகீழாக அமர்ந்த ஒல்லியான ஈயும், முன்னோக்கி நீண்ட உணர்கொம்பும் கண்ணுக்குப் பட்டால், அருகிலுள்ள தண்டுகளில் முட்டை வரிசை இருக்கும். வெற்று ஓடாகிய சிறு நத்தைகள் அங்கே மிதந்தால் அவற்றையும் கவனிக்க வேண்டும்.

நீர்ப்பாசிக்கும் மிதக்கும் சிற்றிலைகளுக்கும் இடையில், இரு முனையும் மேல்நோக்கி வளைந்த, பழுப்பு நிறமான சிறு கூடு ஒன்றும் சில வேளைகளில் அகப்படும். தோணிபோல் மிதக்கும் அக்கூடு, வளர்ந்து முடிந்த புழுவின் கடைசித் தோலே. நத்தைகளைக் கொன்று தின்ற புழு அதனுள் உணவின்றி அடங்கிக் கிடந்து ஈயாக மாறுகிறது. முட்டை இட்ட நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில், உள்ளிருக்கும் ஈ தன் நெற்றியில் ஒரு சிறு பையைப் புடைக்கச் செய்து, கூட்டின் முன்மூடியை முட்டித் திறக்கிறது. ஈரச் சிறகோடு அருகிலுள்ள தண்டில் ஏறுகிறது. சிறகு உலர்ந்ததும் தலையைக் கீழே திருப்பி நீரை நோக்கி அமர்கிறது.